ஆராய்ச்சி மணியும் புராண உண்மையும்

நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு வினா தவறாது எழுவதை அன்பர்கள் அறிவார்கள். முன்னோரைப்பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் புராணக் கதைகள் மெய்யோ, பொய்யோ என்பதே அவ்வினா. முதியோர் சிலர், ஏட்டில் உள்ளவையெல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தவையே என்பர். அவற்றை ஐயுறுவது முன்னோரை இகழ்வதாகும் என்று சினப்பர். கல்லூரியிற் பயின்ற இளைஞர் சிலரோ, அவை யாவும் கட்டுக்கதைகள் என்று ஒரே சொல்லால் தள்ளிவிட்டு எழுந்து போவர். பகைவரைப்போல் தோன்றும் இவ்விரு திறத்தாரும் ஒரு செய்தியில் மட்டும் ஒத்திருக்கின்றனர். ஒரு கதை நடந்ததாயிருத்தல் வேண்டும். அன்றேல் பொய்யாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் வேறான நிலை ஒன்று இல்லை என்பது இருவர்க்கும் உடன்பாடு. அவ்வுடன்பாடு பொருந்துமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசினால் பயன் விளையாது; ஆதலின், தமிழர் யாவரும் இளமையிலேயே கேட்டறிந்த கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை நூல் நூலாகத் தொடர்ந்து சென்று காண்போம். கன்றை இழந்த பசு மணியை அசைத்த கதையே அது.

சொல்லின் பொருள்

முதற்கண் சொற்களை ஆராய்தல் நலம். புராணம் என்னும் வடசொல்லுக்குப் பழமையானது என்பதே பொருள். பொய் என்னும் குறிப்பு அதன்கண் சிறிதும் இல்லை. இதிகாசம் என்பதற்கு ‘இவ்வாறு இருந்தது’ என்பது பொருள். புராணத்திற்கு ஐந்து இலக்கணம் கூறுவர்: உலகத்தின் தோற்றம், ஒடுக்கத்தின்பின் மீண்டும் தோன்றுதல், தேவர் முனிவர் மரபு, மனுக்களின் காலம், அரச வமிசங்களின் வரலாறு என்பன அவை. இவற்றுள் இறுதியில் நின்றது சரித்திரத்தைச் சார்ந்தது என்பதும், முன் நின்றவை சரித்திரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதும் வெளிப்படை. ஆகவே புராணம் என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு வகைப்பட்ட பொருள்கள் தொடக்கத்திலிருந்தே ஒருங்கு வைக்கப்பட்டிருக்கின்றன. தமிழில் தொல்காப்பியனார் செய்யுளின் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாகத் ‘தொன்மை’ என்பதை வைத்தார். பழைய கதையைச் சொல்லுதல் அவர்க்குச் செய்யுளின் அழகுகளுள் ஒன்று.

கிரேக்கர் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. ‘மூதோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ஹோமரின் காவியங்களில் பேச்சு, மொழி என்னும் பொருளிலேயே வழங்கிற்று. பிற்காலத்தில்தான் அது ஆராய்ந்து கூறும் உரைக்கு எதிராக நிறுத்தப்பட்டுப் பழங்கதை என்னும் பொருளைப் பெற்றது. கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளேட்டோ, தேவர்களை இழிவாகப் பாடும் புலவர்க்குத் தம் நன்னகரில் இடமில்லை என்றார். எனினும் அந்நூலின் முடிவில், இறந்தபின் உயிர் அடையும் நிலையைக் கூறவேண்டி வந்தபோது, அவரே ஒரு கதையை அமைத்துக் கூறினார். கி. மு. 300ஆம் ஆண்டையடுத்து விளங்கிய யூஹெமெரஸ் என்பவர், தேவர்கள் யாவரும் பண்டு வாழ்ந்த அரசர்களே என்றும், நன்றி மறவாத குடிகள் அவர்களைத் தெய்வமாக்கினர் என்றும் உரைத்தார். புராணத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே சரித்திரம் கிடைக்கும் என்னும் கொள்கை அவர் வழியாக வளர்ந்ததாகும். இன்றும் நம்மிற் பலர், தாம் அறியாமலே அக்கொள்கையினராய் இருக்கின்றனர்.

மூன்று நகரங்கள்

இனிக் கதைக்கு வருவோம். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தின் தொடக்கத்தில், திருவாரூர் நகரின் சிறப்பைக் கூறுமிடத்து இதனை விரித்துரைக்கின்றார். மனு என்னும் சோழவேந்தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைத் தூக்கியிருந்தான். அவன் ஒரே மைந்தன் தேரேறிச் சென்ற வழியில் இளங்கன்று ஒன்று உருளையின் கீழ்ப் பட்டு மாண்டது. தாய்ப்பசு வந்து தன் கொம்பினால் மணியை அசைத்தது. அமைச்சர்கள் கழுவாய் செய்து முடிக்கலாம் என்றனர். பிறன் ஒருவன் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாய் தேடுவேன் என்பது முறையாகுமோ என அரசன் மறுத்தான். மைந்தன்மேல் தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட மந்திரி தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான். பின்னர் வேந்தன் தானே தேரைச் செலுத்தினான். அப்போது இறைவன் வெளிப்பட்டருள, கன்றும் மைந்தனும் மந்திரியும் உயிர்பெற்றெழுந்தனர். திருவாரூர்க் கோயிலின் புறத்தே நிற்கும் கல்தேர் இந்நிகழ்ச்சியைக் காட்டுவது.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவர்க்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சிலப்பதிகாரத்திலும் இக்கதை உண்டு. அந்நூலின் காலம்பற்றி அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உளது, கி. பி. இரண்டாம் நூற்றாண்டு என்பாரும் அதற்குச் சில நூற்றாண்டு பிற்பட்டது என்பாரும் உளர். எங்ஙனமாயினும் பெரிய புராணத்திற்கு அது மிக முந்தியது என்பதில் ஐயமில்லை. அதன்கண் பாண்டியன் முன் வந்து நின்ற கண்ணகி, தான் பிறந்த ஊரைக் கூறும்போது, புறாவின் துயர் தீர்த்த வேந்தனையும், பசுவின் கண்ணீர் கண்டு தன் மகனையே தேராழியின்கீழ் இட்ட வேந்தனையும் குறிப்பிட்டு, அத்தகையோர் ஆண்ட புகார் நகரமே தன் பதி என்கின்றாள். ஈண்டு ஊர் திருவாரூர் அன்று, புகார். அரசன் பெயரும் கூறப்படவில்லை. மந்திரியின் மரணமும் இல்லை. மாண்டவர் எழுந்ததும் இல்லை. பழமொழி நானூறும் இந்நிகழ்ச்சியைச் சுருங்கக் குறித்து, முறை செய்வதற்கு முதுமை இளமை என்னும் வேறுபாடு இல்லை என்னும் கருத்துக்குச் சான்றாக்குகின்றது.

மூன்றாவது நகரம் கடலுக்கு அப்பால் உள்ளது. இலங்கையின் மகாவம்சம், கி. பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டில் மகாநாமர் என்னும் பௌத்தத் துறவியாற் பாலி மொழியில் இயற்றப்பட்டது. சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தைக் கைப்பற்றி 44 ஆண்டு ஆண்ட ஏலாரன் என்னும் தமிழ் வேந்தனைப்பற்றி அந்நூல் கூறுகின்றது. மரபுவழிக் கணக்கின்படி அவன் ஆட்சிக்காலம் கி. மு. 205 முதல் 161 வரை. அவன் தன் படுக்கையின் தலைப்பக்கத்தில் மணி ஒன்றை அமைத்து, முறை வேண்டுவோர் இழுப்பதற்கு நீண்ட கயிற்றையும் கட்டியிருந்தானாம். அவன் ஒரே மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரேறிச் சென்றபோது, தாயோடு வழியிற் கிடந்த கன்றின் கழுத்தில் உருளை ஏறிற்று. பசு மணியை அசைத்தது. அரசன் அதே உருளையினால் தன் மகன் தலையை அறுப்பித்தான். அங்கும் இறந்தவர் மீண்டு எழவில்லை.

ஒரே கதை, நகரங்கள் மூன்று. மூன்றும் ஒருங்கே நடந்தவை எனக் கொள்வது இயலாது. ஒன்று மெய், ஏனைய இரண்டும் நகல் என்று துணிவதற்கும் போதிய சான்று கிட்டவில்லை. இவ்விடத்திற்றான் சரித்திர ஆராய்ச்சி தொடங்குகின்றது.

சான்றுகளை நிறுத்தல்

சான்றுகளுள் மகாவம்சத்தின் சான்றுக்குத் தனியொரு மதிப்பு உண்டு. அந்நூலாசிரியர்க்கு ஏலாரன் வேண்டியவன் அல்லன். அவனைப் போரில் வென்ற துட்டகாமணியே அந்நூலின் பெருந்தலைவன். ஏலாரன் தவறான சமயக் கொள்கையை விடாதவன் என்பதையும் ஆசிரியர் மறவாமற் கூறுகின்றார். அங்ஙனமிருந்தும் அவன் பகைவனிடத்தும் நண்பனிடத்தும் ஒரே தன்மையாக முறை செய்தான் எனப் புகழ்கின்றார். தன் தேரின் நுகம் பட்டுப் பௌத்தர்களின் தூபி ஒன்று சிதைந்தபோது, தன் தலையை அறுக்குமாறு அவன் வழியில் வீழ்ந்து வேண்டினான் என்றும், பெயர்ந்த 15 கற்களுக்காக 15,000 கஹாபணம் செலவிட்டான் என்றும் வரைகின்றார். அவன் வீழ்ந்த இடத்தில் துட்டகாமணியே நினைவுக்குறி எடுப்பித்து வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தான் என்றும், பிற்கால அரசரும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்திய ஒலியை நிறுத்துவர் என்றும் கூறுகின்றார். வேண்டாதார் வாயிலிருந்து வரும் புகழ், வேண்டியவர் புகழைவிட நம்பத்தக்கது என்பது நீதிமன்றத்தில் மட்டுமன்றிச் சரித்திரத்திலும் செல்லும் நெறியாகும். ஆதலின் ஏலாரன் என்னும் அரசன் நீதிக்குப் பெயர்பெற்றவனாய் இருந்தான் என்று கொள்வது தகும்.

எனினும் அதனால் கன்றின் கதை மெய்யாகிவிடாது. ஆசிரியர் காலத்திற்கும் ஏலாரன் காலத்திற்கும் இடையே ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அன்றியும், அதே மணியை ஒரு பறவையும் அசைத்ததாகக் கதை தொடர்கின்றது. பனைமரத்தில் இருந்த குஞ்சைப் பாம்பு விழுங்கிற்று என்று தாய்ப்பறவை முறையிட, பாம்பின் வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்தனராம். வெயிலில் உலர்த்திய அரிசி காலமல்லாத மழையால் நனைந்ததென்று ஒரு கிழவி மணியை இழுக்க, அரசன் உண்ணாநோன்பு கிடந்து, வாரத்திற்கு ஒருமுறை இரவில் மட்டும் மழை பெய்யுமாறு தேவர்களிடம் வரம் பெற்றானாம். கன்றின் கதையை மட்டும் நடந்தது என எடுத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் விட்டுவிடுவது நடுநிலையாகாது. மூன்றும் ஒரே கொடியிற் பூத்தவை.

ஏலாரன் சமாதியின் வரலாறும் எச்சரிக்கையாக நிற்கின்றது. அநுராதபுரத்தில் மண்மேடு ஒன்று நெடுங்காலம் அவன் சமாதியென்று காட்டப்பட்டு வந்தது. தொல்பொருள் ஆராய்ச்சித் தலைவராயிருந்த பரணவிதான அவர்கள் அதனை ஆராய்ந்து, அது தக்கிண தூபி என்னும் பௌத்தக் கட்டடமே என முடிவு கூறினார். அம்முடிவைப் பின்னர் மறுத்தெழுதிய அறிஞரும் உளர். கதை ஓரிடத்தைச் சுட்டுகின்றது என்பதனாலேயே அவ்விடம் கதைக்குச் சான்றாகிவிடாது.

திருவாரூர்க் கோயிற் சாசனமும் ஈண்டு நோக்கத்தக்கது. கி. பி. 1118 முதல் 1135 வரை ஆண்ட விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இக்கதையைப் பொறித்திருக்கின்றது. புகாரில் பெயரின்றி நின்ற அரசன் அதன்கண் மனு என்னும் பெயர் பெறுகின்றான். மைந்தனுக்கும் மந்திரிக்கும் பெயர்கள் உண்டாகின்றன. மந்திரிக்கு ஊரும் குறிக்கப்படுகின்றது. அம்மந்திரியின் வழித்தோன்றலாகக் கருதப்பட்ட ஒருவர்க்கு உரிமை வழங்கும் செய்தியோடு இணைந்தே கதை கல்லில் ஏறியிருக்கின்றது. காலஞ் செல்லச் செல்லச் செய்திகள் மங்குவதற்கு மாறாகத் தெளிவு பெறுவதும், அத்தெளிவு ஓர் உரிமையைச் சார்ந்து வருவதும், ஆராய்ச்சியாளர் விழிப்புடன் நோக்கவேண்டிய குறிகளாகும்.

மணி சென்ற தேசங்கள்

இம்மணி தமிழகத்தும் ஈழத்தும் மட்டும் ஒலித்ததன்று. கி. பி. 531 முதல் 579 வரை பாரசீகத்தை ஆண்ட நௌஷீர்வான் மன்னன் மணிகள் கோத்த சங்கிலியொன்றைத் தூக்கியிருந்தான் என்றும், முதுமையுற்று உரிமையாளனாற் கைவிடப்பட்ட கழுதை ஒன்று அதனில் உராய்ந்து நீதி பெற்றதென்றும், பதினோராம் நூற்றாண்டில் நிஜாமுல்முல்க் என்னும் அமைச்சர் தம் அரசியல் நூலில் எழுதியுள்ளார். ஐரோப்பாவில், சார்லமேன் பேரரசன் ஜூரிக் நகரில் நிறுவிய மணியைப் பாம்பு ஒன்று அசைத்ததாகக் கதையுண்டு. இத்தாலியில் அத்ரி என்னும் ஊரில் பட்டினியால் வாடிய கிழக்குதிரை மணியடித்ததாகச் சொல்லும் கதையை அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோ பாடினார். டில்லியை ஆண்ட சுல்தான் இல்துத்மிஷ் அரண்மனை வாயிலில் சலவைக்கற் சிங்கங்கள் இரண்டை அமைத்து, இரவில் வந்து முறையிடுவோர்க்காக அவற்றின் கழுத்தில் சங்கிலியும் மணியும் பூட்டியிருந்தான் எனப் பதினான்காம் நூற்றாண்டில் யாத்திரை செய்த இபின் பட்டூட்டா எழுதுகின்றார்.

இவ்வளவில் இளைஞர் ஒருவர், ‘பார்த்தீர்களா! ஊர்தோறும் திரிந்த கதையே இது. எங்கும் நடந்ததன்று’ என மகிழக்கூடும். அவர் சிறிது பொறுத்தல் வேண்டும். கி. பி. 1605இல் பட்டமேறிய ஜஹாங்கீர் பாதுஷா, தம் சரிதத்தில், தாம் பிறப்பித்த முதற்கட்டளை நீதிச் சங்கிலி ஒன்றைத் தொங்கவிடுக என்பதே என்று எழுதியிருக்கின்றார். பொன்னாற் செய்த அச்சங்கிலி 30 கஜம் நீளமுடையது. 60 மணிகள் கோக்கப்பட்டது. ஒரு முனை ஆக்ரா கோட்டையிலும் மறுமுனை ஆற்றங்கரைக் கற்றூணிலும் பிணிக்கப்பட்டன. கதையாய்த் திரிந்த மணி, ஓர் அரசன் ஆணையால் பொன்னாகித் தொங்கிற்று. நடவாத கதை, நடந்த செயலுக்குக் காரணமாயிற்று. இதனைச் சரித்திரம் என்பதா, புராணம் என்பதா? நீதியுள்ள அரசனிடத்தில் மணியொன்று இருத்தல் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பியமையே அச்சங்கிலியைச் செய்வித்தது. அந்நம்பிக்கை இருந்தது என்பது சரித்திர உண்மையே.

கண்ணகியின் வழக்கு

கதையின் மெய்ப்பொருள் எங்குள்ளது என்பதை அறிய, மீண்டும் மதுரை அரண்மனைக்குச் செல்லுதல் வேண்டும். கண்ணகி அக்கதையைப் பொழுதுபோக்கிற்காகச் சொன்னாளல்லள். தன் ஊர்ப்பெருமை பேசுதற்காக மட்டும் சொன்னாளுமல்லள். ஆராயாது தன் கணவனைக் கொல்வித்த அரசன் முன் நின்று, முறை செய்த அரசன் ஒருவனை நினைவூட்டுகின்றாள். ஒரு பசுவின் துயர்க்கு மகனைக் கொடுத்தவன் அவன்; ஒரு சொல்லை நம்பி அயலானைக் கொன்றவன் நீ என்பது குறிப்பு. அவள் கையிற் சிலம்பு ஒரு சான்று. நாவில் அக்கதை ஓர் அளவுகோல். சிலம்பு நடந்த செய்தியைக் காட்டும். கதையோ நடந்திருக்கவேண்டிய செய்தியைக் காட்டும். இரண்டும் கூடியே பாண்டியனை வீழ்த்தின.

இங்ஙனம் நோக்கின், உண்மை என்பது மூவகைப்படுவதைக் காணலாம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்தது என்பது ஒருவகை; அதற்குக் கல்வெட்டும் நாணயமும் உடன்காலத்தார் எழுத்தும் வேண்டும். இன்ன காலத்து மக்கள் இதனை நம்பினர், இதனைப் போற்றினர் என்பது மற்றொருவகை. அதற்குக் கதையே நேரான சான்று. மக்கள் எவ்வாறு ஒழுகல்வேண்டும் என்று கதை விதிக்கும் அறம் மூன்றாவது வகை. அதனை நிறுவுதற்குச் சாசனம் தேவையில்லை, மறுத்தற்கும் சாசனம் போதாது. கன்றின் கதை முதல்வகையில் நிறுவப்படவில்லை. இரண்டாம் வகையில் ஐயத்திற்கிடமின்றி நிற்கின்றது. மூன்றாம் வகையிலோ, வலியார் முன் எளியார் நிற்க நேரும் காலமெல்லாம் நிற்கும். முதியோர் மூன்றாம் வகை உண்மையைக் காப்பதற்காக முதல்வகை உண்மையைக் கற்பித்துக்கொள்கின்றனர். இளைஞரோ முதல்வகை இல்லாமை கண்டு மூன்றையும் ஒருங்கே வீசியெறிகின்றனர். இருவர் பிழையும் ஒன்றே; வகைகளைக் கலந்துவிட்டமை.

முடிவுகள் வேறுபடுவதன் காரணமும் இதனால் விளங்கும். முறை தவறிய அரசனை இடித்துரைக்க வந்த சிலப்பதிகாரத்தில் மாண்டவர் எழுந்தால் வழக்கு வலியிழந்துவிடும், ஆகவே எழவில்லை. அடியாரைக் கைவிடாத இறைவன் திருவருளைப் பாட வந்த பெரிய புராணத்தில் எழாவிடில் நூலின் நோக்கமே நிறைவுறாது, ஆகவே எழுந்தனர். இவற்றைப் பொய்ச்சான்று என்பது பேதைமை. ஒவ்வொரு நூலும் தான் சொல்லவந்த உண்மைக்கேற்பக் கதையை அமைத்துக்கொண்டது.

மண்ணைத் தோண்டியவர்கள்

புராணத்தில் முதல்வகை உண்மையும் இருத்தல் கூடாதோ எனின், கூடும். புராணங்களிலுள்ள ஆந்திர வமிச அரசர் பட்டியலைக் கற்பனையென்று எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை. கௌதமீபுத்திர சாதகர்ணி முதலியோரின் பெயர்கள் நாசிக் குகைச் சாசனங்களிலும் நாணயங்களிலும் வெளிப்பட்டன. ஆண்டுக்கணக்குகள் புராணத்துக்குப் புராணம் மாறுபடினும், அரசர்கள் மெய்யானவர்களே. பார்கிட்டர் என்னும் அறிஞர் 1922இல் வெளியிட்ட நூலில், புராணங்களின் வமிசாவளிகளைச் சரித்திர மூலமாகக் கொண்டு ஆராய முயன்றார். அவர் முடிவுகளிற் பலவற்றைப் பின்னையோர் ஏற்கவில்லை. எனினும் பட்டியல்களை ஒப்பிட்டு ஆராயும் நெறி நிலைத்தது.

மறுபுறம், டிராய் நகரைத் தேடிய ஹைன்ரிக் ஷ்லீமன் கதையும் உண்டு. ஹோமரின் காவியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய அவர், 1870 முதல் துருக்கி நாட்டில் ஹிஸார்லிக் மேட்டைத் தோண்டினார். நகரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நகரங்கள் வெளிப்பட்டன. 1873இல் பொற்குவியல் ஒன்றைக் கண்டு, அது பிரியம் மன்னனின் செல்வமே என உலகுக்கு அறிவித்தார். ஆனால் அப்பொன் கிடைத்த அடுக்கு, டிராய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு ஏறத்தாழ 1,000 ஆண்டு முற்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. அவசரத்தில் அவர் வெட்டிய பெரும்பள்ளம், தாம் தேடிய காலத்துச் சுவர்களிற் சிலவற்றையே அழித்துவிட்டது. கதையில் உண்மை இருந்தது. கதையை மிகையாக நம்பியமையே அவ்வுண்மையைச் சிதைக்கக் காரணமாயிற்று. இது நெஞ்சிற் பதியவேண்டிய செய்தி.

நம் சொந்த மரபிலும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறாது விடுதல் நேர்மையன்று. இறையனார் களவியலுரை, முதற்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நிலவின என்கின்றது. இம்மூன்று எண்களையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். முறையே 120, 100, 50 என மிச்சமின்றி வரும். ஆட்சியாண்டுகளைக் கூட்டிக் கண்ட கணக்கு இவ்வாறு ஒழுங்குபட அமைதல் அரிது. இது கருத்தோடு அமைக்கப்பட்ட எண் என்பதே பொருந்தும். இதனால் சங்க இலக்கியத்தின் பெருமைக்கு எள்ளளவும் குறைவில்லை; அப்பாட்டுக்கள் நம் கையில் இருக்கின்றன. தமிழின் தொன்மையை நிறுவுவதற்கு 9,990 ஆண்டு என்னும் தொகை தேவைப்படவில்லை. கிடைத்த பொன்னை விட்டுவிட்டுக் கணக்கிலுள்ள பொன்னுக்கு வழக்காடுவது அறிவுடைமை ஆகாது.

குலப் புராணங்கள்

இனி, தொடக்கத்திற் கூறிய வினாவிற்கு வருவோம். இந்நாட்டில் ஒவ்வொரு குலத்தார்க்கும் ஒரு தோற்றக்கதை உண்டு. தெய்வத்தின் வேர்வையிலிருந்து பிறந்தோர், வேள்வித் தீயிலிருந்து எழுந்தோர், ஓர் அரசனால் அழைத்து வரப்பட்டோர், சாபத்தால் நிலையிழந்தோர் எனப் பலவாறாக அவை நடக்கின்றன. 1754 முதல் 1821 வரை வாழ்ந்த காலின் மெக்கன்சி தென்னாடெங்கும் ஆளனுப்பி இத்தகைய வரலாறுகளை ஏராளமாகத் தொகுத்தார். பின்னர், 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ரிஸ்லி என்னும் அதிகாரி, சாதிகளைச் சமூக உயர்வு தாழ்வு முறையில் வரிசைப்படுத்த முற்பட்டார். அக்கணத்திலிருந்து கதைகளின் தொழிலே மாறிவிட்டது. கோயில் திருவிழாவில் பாடப்பட்டு வந்தவை விண்ணப்பங்களோடு இணைக்கப்படும் பத்திரங்களாயின. எம்மவர் இன்ன முனிவர் வழியினர், ஆதலின் எம்மை இன்னார்க்கு மேல் எழுதுக என்று நாடெங்குமிருந்து மனுக்கள் குவிந்தன. புதிய புராணங்கள் அச்சேறின. ஒரு குலத்தார் நூலுக்கு மறுப்பாக மற்றொரு குலத்தார் நூல் எழுந்தது.

இதில் விளைந்த நட்டம் பெரிது. அக்கதைகளில் மெய்யான செய்திகள் பல பொதிந்திருந்தன. எவ்வூரிலிருந்து எவ்வழியாக வந்தனர், எத்தொழிலைச் செய்தனர், எக்கோயிலில் எம்முறை பெற்றிருந்தனர், பஞ்சத்திலும் படையெடுப்பிலும் எங்கே அடைக்கலம் புகுந்தனர் என்பவற்றை ஆராய்வார்க்கு அவை அரிய கருவூலங்கள். உயர்வு நாட்டும் ஆவலில் இச்செய்திகள் விடப்பட்டன. முனிவர் பெயர்கள் மட்டும் சேர்க்கப்பட்டன. உழைப்பின் நினைவு துடைக்கப்பட்டது. கைவேலையும் நிலவேலையும் நாணத்தக்கன போல் மறைக்கப்பட்டன. தம் பாட்டன்மார் தோண்டிய ஏரியைக் காட்டிப் பெருமைகொள்ள வேண்டியவர்கள், எவரும் காணாத வேள்விக் குண்டத்தைக் காட்டிப் பெருமைகொண்டனர். ஷ்லீமன் வெட்டிய பள்ளத்தையே நாமும் வெட்டினோம் என்னலாம்.

நம் குலத்துக் கதைகளை யாம் எங்ஙனம் போற்றல் வேண்டும்? முதியோர் கூறும் கதைகளை அவர்கள் கூறியவாறே எழுதி வைத்தல் வேண்டும். நமக்கு ஒவ்வாத பகுதியை நீக்குதலும், ஒப்பான பகுதியைக் கூட்டுதலும் ஆகா. சொன்னவர் யார், எவ்வூரினர், எந்த ஆண்டு என்பன குறிக்கப்படல் வேண்டும். வெவ்வேறு ஊரார் வெவ்வேறாகச் சொல்லின், இரண்டையும் காத்தல் வேண்டும். மூன்று நகரங்களின் கதையை ஒன்றாகத் திரித்திருந்தால் நமக்கு அதன் வரலாறே தெரிந்திராது. கல்வெட்டும் பட்டயமும் உள்ள இடத்து அவற்றைப் படியெடுத்துத் தக்காரிடம் காட்டல் வேண்டும்; அவர் போலி எனக் கூறின், அதனை ஏற்கும் திண்மையும் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, பிறரைத் தாழ்த்துவதற்கென்று சொல்லப்படும் கதை எதுவாயினும், அது நம்முடையதேயாயினும், அதனை மேடையில் எடுத்தோதலாகாது.

ஏனெனில், புராணத்தை உரைத்துப் பார்க்கும் கல் இதுவே: அது யார் பக்கம் நிற்கின்றது? கன்றின் கதை சோழர் பெருமையைச் சொல்லுகின்றது என்பது மெய்தான். ஆனால் அப்பெருமை சூரிய குலத்துப் பிறந்தமையால் வந்ததாகக் கதை சொல்லவில்லை. வாய்பேசாத ஒரு விலங்கின் முறையீட்டுக்குத் தன் குலத்தின் ஒரே கொழுந்தைக் கொடுத்தமையால் வந்தது. குலத்தைவிட முறை பெரிது என்பதே அக்கதையின் உயிர். அதனைப் படித்துவிட்டுக் குலப்பெருமை பேசுவோர் மணியின் ஓசையைக் கேளாது மணியின் பொன்னை எடைபோடுகின்றவர் ஆவர்.

மெய்யோ பொய்யோ என்று கேட்ட முதியோர்க்கும் இளைஞர்க்கும் விடை இதுவே. முதியோர்களே! கதையைக் காப்பதற்காகச் சான்றைக் கற்பிக்க வேண்டா. அது சான்றில்லாமலே 1,500 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்திருக்கின்றது. இளைஞர்களே! சான்றில்லை என்பதனால் கதையை எறிய வேண்டா. அநீதி கண்ட பெண்ணொருத்தி அரசவையில் கையிலெடுத்த படைக்கலம் அது. அக்கயிறு இன்றும் தொங்குகின்றது. அதனை இழுப்பவர் யாராயினும், நம் குலத்தவராயினும் அல்லராயினும், எழுந்து வந்து கேட்பதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.